ஆர்சிங்க் எதைக் கொண்டுபோகும், எதை அழிக்கும்: ஓட்டும் முன்பே பார்த்துக்கொள்வது எப்படி

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் உங்கள் கோவிலின் காவடிப் படங்கள், வீடியோக்கள், தேவாரப் பதிவுகள் எல்லாம் ஒரு லினக்ஸ் மடிக்கணினியில் இருக்கின்றன. அவற்றை ஆர்சிங்க் என்ற ஒத்திசைக்கும் நிரலை வைத்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும், வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றுக்கும் ஒத்திசைக்க வேண்டும். மடிக்கணினியில் கழித்தவை அங்கேயும் போய்விட வேண்டும் என்பதால் டெலீட் விருப்பமும் உண்டு. எந்தக் கோப்பு போகும் என்று முன்கூட்டிப் பார்க்க -என் என்ற ஒத்திகை விருப்பத்தைப் போட்டீர்கள், திரையில் ஒன்றுமே வரவில்லை. -வி சேர்த்தீர்கள், போன மாதம்தான் எல்லாவற்றையும் டிஸ்க்கில் நகலெடுத்திருந்தும் ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஓடின. இந்தப் பட்டியலை நம்பி எண்டர் தட்டலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன், எந்த விருப்பம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. பட்டியலை நம்பலாம். ஆனால் தட்ட வேண்டாம், ஏனென்றால் புதிதாக நூறு படம் மட்டுமே சேர்ந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வரி வந்தால் அந்தப் பட்டியல் உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது, அதை முதலில் கேட்க வேண்டும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து. -என் தனியாகப் போட்டு ஒன்றும் வராதது கோளாறு இல்லை. -என் என்றாலும் --ட்ரை-ரன் என்றாலும் ஒன்றுதான், அதற்கு இருக்கும் ஒரே வேலை எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது. பார்த்ததைச் சொல் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வாய் மூடி இருந்துவிட்டது. -வி போட்டால் பெயரைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. உங்களுக்கு வேண்டியது -ஐ, நீளமாக எழுதினால் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ். அதாவது "ஆர்சிங்க் -ஏஎன்ஐ --டெலீட் காவடி/ /மீடியா/டிஸ்க்/காவடி/" என்பது போல. நிஜமாக ஓட்டும்போது இதிலிருந்து என் என்ற ஓர் எழுத்தை மட்டும் எடுக்க வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. மேல் அம்பை அழுத்தி அதே வரியைக் கொண்டுவந்து அந்த எழுத்தை அழியுங்கள், மறுபடி தட்டாதீர்கள். ஒத்திகைக்கு ஒரு கட்டளை, ஓட்டத்துக்குப் புதிதாகத் தட்டிய இன்னொரு கட்டளை என்று இருந்தால் ஒத்திகை பார்த்ததற்கே அர்த்தமில்லை.

-ஐ போட்டால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பதினோரு எழுத்து கொண்ட ஒரு கோர்வை வரும், பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும், ஆனால் விஷயம் எல்லாம் அங்கேதான். முதல் எழுத்து என்ன நடக்கப்போகிறது என்பது: > என்றால் கோப்பு இந்தப் பக்கம் வருகிறது, < என்றால் வெளியே இன்னொரு கணினிக்குப் போகிறது, சி என்றால் ஃபோல்டர் போன்ற ஒன்று புதிதாக உருவாகிறது, வெறும் புள்ளி என்றால் உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது, தேதி அனுமதி போன்ற மேல்விவரம் மட்டும் மாறலாம். ஒரே கணினிக்குள் டிஸ்க் விட்டு டிஸ்க் போனாலும் > தான் வரும், அதில் குழம்ப வேண்டாம். சர்வருக்கு அனுப்பும்போது மட்டும் இந்தக் குறி பெரிய உதவி: நீங்கள் அனுப்ப நினைத்திருக்க, வரிகளில் > வந்தால் மூலமும் சேருமிடமும் இடம் மாறிக் கிடக்கின்றன, அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது எழுத்து வகை, கோப்புக்கு எஃப், ஃபோல்டருக்கு டி (டைரக்டரியின் முதல் எழுத்து). அதற்கப்புறம் வரும் ஒன்பது இடங்களும் காரணங்கள்: சி என்றால் செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், வேறு, எஸ் என்றால் அளவு வேறு, டி (இது டைமின் முதல் எழுத்து) என்றால் மாற்றிய நேரம் வேறு, பி (பெர்மிஷனின் முதல் எழுத்து) என்றால் அனுமதி வேறு, அப்புறம் உரிமையாளர், குழு இத்யாதி. ஒன்பதும் + ஆக இருந்தால் அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லவே இல்லை, புதிது.

இப்போது உங்கள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வருவோம். அந்தப் பட்டியலை -ஐ போட்டு மறுபடி எடுத்து ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, எந்தக் கோர்வை அதிகம் வருகிறது என்று பாருங்கள், காரணம் அநேகமாக அதிலேயே தெரிந்துவிடும். எல்லா வரியிலும் + என்றால் ஆர்சிங்க் கண்ணுக்குச் சேருமிடம் காலி. டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது கணினியின் கோப்பு அமைப்போடு இணையாமல், அந்தப் பெயரில் வெறும் ஃபோல்டர் மட்டும் இருக்கலாம், அப்படியே ஓட்டினால் மடிக்கணினியின் சொந்த டிஸ்க்கே நிரம்பிவிடும். இல்லாவிட்டால் பாதையில் ஓர் எழுத்துப் பிழை. இன்னொன்று அந்தப் பிரபலமான ஸ்லாஷ்: மூலத்தின் கடைசியில் / போட்டால் "அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை" என்று பொருள், போடாவிட்டால் "அந்த ஃபோல்டரையே" என்று பொருள். காவடி/ என்பதற்குப் பதில் காவடி என்று தட்டியிருந்தால், டிஸ்க்கில் இருக்கும் காவடிக்குள்ளே இன்னொரு காவடி உருவாகி மொத்தமும் மறுபடி அதற்குள் போகும். பட்டியலின் மேலே "சிடி+++++++++ காவடி/" என்று ஒரு வரி நின்று, கீழே எல்லாப் பெயரும் காவடி/ என்றே தொடங்கினால் இதுதான் கதை. சேருமிடத்தின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறு, நேரில் பார்க்காததால் உறுதியாகச் சொல்லவில்லை. போன மாதம் நகலெடுத்தது ஆர்சிங்க் வைத்தா, இல்லை ஃபோல்டரை இழுத்துப் போட்டா? இழுத்துப் போட்டாலோ, வெறும் சிபி கட்டளையில் -பி (பிரிசர்வின் முதல் எழுத்து) இல்லாமல் நகலெடுத்தாலோ, புதிய நகலின் மீது அசல் தேதி ஒட்டாமல் நகலெடுத்த தேதி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆர்சிங்க் சாதாரணமாக ஒரு கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் அளவும் மாற்றிய நேரமும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போனால் தாண்டிப் போய்விடும். 1996-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் இதை வெளியிட்ட காலத்துப் பிணையங்கள் எவ்வளவு மெதுவாக இருந்தன என்று யோசித்தால் இந்தச் சிக்கனம் புரியும். ஆக நேரம் மட்டும் மாறிய படங்கள் எல்லாம் ">எஃப்..டி......" என்று வரிசை கட்டும். உள்ளே ஒரு பிட் கூட மாறியிருக்காது, ஆனாலும் ஒத்திகையில் போகும் என்றே காட்டும். இதற்குச் சரியான மருந்து ஒரே ஒரு முறை -சி சேர்த்து ஒத்திகை பார்ப்பது. அது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்துச் செக்சம் போடும், நேரம் ஆகும், டிஸ்க் சூடாகும், ஆனால் உள்ளடக்கம் ஒன்றாக இருப்பவை ".எஃப்..டி......" என்று முன்னால் புள்ளியோடு வரும், அதாவது தேதியைத் திருத்துவேன், கோப்பைத் தூக்க மாட்டேன் என்று அர்த்தம். நிஜமாக ஒரு முறை -சி உடன் ஓட்டித் தேதிகளைச் சரிசெய்துவிட்டால் அடுத்த முறையிலிருந்து -சி தேவைப்படாது. --சைஸ்-ஒன்லி என்ற குறுக்கு வழியும் இருக்கிறது, அளவு ஒன்றென்றால் கோப்பும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும், சர்வர் மாதிரி தூரத்தில் இருக்கும் இடத்துக்கு அது வசதிதான். கையில் இருக்கும் டிஸ்க்குக்கு நான் -சி தான் சொல்வேன்.

டிஸ்க் எந்த வடிவத்தில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதும் பட்டியலைக் கெடுக்கும். பழைய பென்டிரைவ்கள் போல ஃபேட் 32 என்றால் அது நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் குறிக்கும், ஒற்றைப்படை வினாடியில் எடுத்த படம் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறியதாகத் தெரியும். --மாடிஃபை-விண்டோ=1 என்று சேர்த்தால் அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. அதே ஃபேட் நேர மண்டலத்தையும் குறித்து வைப்பதில்லை, உள்ளூர் மணியை அப்படியே எழுதிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் உறவினர் தன் கணினியில் படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினால், அங்கே நேரம் நம்மைவிட இரண்டு மணி பின்னால், இங்கே செருகியதும் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு மணி நேரம் தள்ளி நிற்கும். அதே படங்கள் இணையம் வழியாகவும் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தால் எல்லாமே வேறு கோப்பு மாதிரி தெரியும். ரெயூனியோன் தீவிலிருந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் நம் மணிதான். இன்னொரு வகை, ஃபேட், எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளில் லினக்ஸ் அனுமதிகளை வைக்க இடமே இல்லை என்பதால் -ஏ கேட்கும் அனுமதி ஒருபோதும் ஒட்டாது, ".எஃப்...பி....." என்று அதே வரிகள் ஒவ்வொரு ஒத்திகையிலும் திரும்ப வரும். அந்த டிஸ்க்குக்கு -ஏ வேண்டாம், -ஆர்டி போதும். அந்த டி (டைமின் டி) முக்கியம், விட்டுவிட்டால் தேதி நகலாகாது, அடுத்த முறை மொத்தமும் மறுபடி போகும். கோர்வையில் பெரிய எழுத்து டி தெரிந்தால் நீங்கள் அந்தச் சிறிய டியை மறந்திருக்கிறீர்கள்.

நம்மைப் போலத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. பட்டியலில் தமிழ்ப் பெயருக்குப் பதில் \#340\#256\#225 என்று எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம், அது க என்ற ஒரே எழுத்தின் மூன்று பைட்டுகள். டெர்மினலின் மொழி அமைப்பு எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யுடிஎஃப்-8 ஆக இல்லாதபோது, முக்கியமாகக் குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் க்ரான் வழியாக ஓடும்போது, ஆர்சிங்க் இப்படித்தான் எழுதும். -8 என்று ஒரு விருப்பம் சேர்த்தால் எழுத்தை எழுத்தாகவே விட்டுவிடும். கோப்புகள் இரண்டு விதத்திலும் ஒழுங்காகத்தான் போகும், பார்வைக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு. நிஜமான ஆபத்து பழைய மேக்கிலிருந்து வருகிறது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் கூட்டு எழுத்துகளைப் பிரித்துத்தான் சேமிக்கும். கோவில் என்று நீங்கள் லினக்ஸில் தட்டினால் அதில் ஓகாரக் குறி ஒரே குறியீடு, மொத்தம் 18 பைட்டு. அந்த மேக் அதே ஓகாரத்தை ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும், 21 பைட்டு. ஒகரமும் ஔகாரமும் இப்படியே, பிரெஞ்சில் ஃபேத் (திருவிழா) என்று எழுதும்போது தலையில் தொப்பி போட்ட அந்த ஈயும் இப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் டிஸ்க்குக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ஒத்திகையில் "கோவில்" என்ற ஃபோல்டரை அழிப்பதாக ஒரு வரியும், அதே "கோவில்" புதிதாக உருவாவதாக இன்னொரு வரியும் வந்தால் ஆர்சிங்க்குக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. மேக்கிலிருந்து அனுப்பும்போது --ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8 என்று சொன்னால் போகும் வழியில் மாற்றிக்கொடுக்கும், ஆனால் இதற்கு ஆர்சிங்க் 3 வேண்டும், பழைய மேக்குகளில் கூடவே வந்தது 2.6.9.

சரி, டெலீட். பட்டியலில் "*டெலீட்டிங்" என்று தொடங்கும் வரிகள்தான் அழியப்போகிறவை. பெரிய பட்டியலில் இவை ஓர் ஓரமாக ஒன்றாக நிற்பதில்லை, இப்போதைய பதிப்புகள் ஒவ்வொரு ஃபோல்டராகப் போகப் போக அழிப்பதால் போகிற பெயர்களுக்கு நடுநடுவே சிதறிக் கிடக்கும், கண்ணால் உருட்டிப் பார்த்தால் தவறிவிடும். சேமித்த பட்டியலில் அந்தச் சொல்லை க்ரெப் என்ற தேடும் கட்டளை வைத்துத் தனியாக எடுத்து, எத்தனை வரி என்று டபிள்யூசி -எல் போட்டு எண்ணி, ஒவ்வொன்றையும் படியுங்கள். நீங்கள் கழித்தது ஏழு படம் என்றால் அங்கே ஏழு வரிதான் இருக்க வேண்டும். மூலமாக இருக்கும் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் வெறும் ஃபோல்டராக நின்றால் பட்டியல் முழுக்க அழிப்பாகவே வரும், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியது. எக்ஸ்க்ளூட் செய்த, அதாவது போக வேண்டாம் என்று விலக்கிய, கோப்புகள் சேருமிடத்தில் ஏற்கெனவே இருந்தால் டெலீட் அவற்றைத் தொடாது, --டெலீட்-எக்ஸ்க்ளூடட் போட்டால்தான் தொடும். இவ்வளவு பார்த்த பிறகும் நிஜ ஓட்டத்தில் --மேக்ஸ்-டெலீட்=20 மாதிரி ஓர் எல்லை வைப்பது என் வழக்கம், இருபதைத் தாண்டினால் அதற்கு மேல் அழிக்காமல் 25 என்ற எண்ணோடு வெளியே வந்துவிடும். --பேக்கப் --பேக்கப்-டிர் என்று ஒரு ஃபோல்டரையும் சொல்லிவிட்டால் அழிபவையும் மேலெழுதப்படுபவையும் அங்கே போய்ச் சேரும். அந்த ஃபோல்டர் சேருமிடத்துக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வைத்தால் அதையே டெலீட் பிடித்துக்கொள்ளும் தொல்லை வரும்.

அழிப்பைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கு அதைவிடப் பயம் மேலெழுதுவது. தைப்பூசக் காவடி நம் ஊரில் பொது விடுமுறை, அன்று கோவிலில் எத்தனை பேர் கையில் கேமரா, எத்தனை ஃபோன் என்று உங்களுக்கே தெரியும். கேமராக்கள் பெயருக்குக் கடைசியில் நான்கு இலக்கம்தான் வைக்கும், 9999 வந்தால் மறுபடி 0001. இரண்டு பேருடைய கேமராவும் ஒரே பெயரில் ஒரு படம் எடுத்திருப்பது அதிசயமே இல்லை. இவற்றை ஒரே ஃபோல்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆர்சிங்க் செய்தால் பழைய படத்தின் மேல் புதுப்படம் எழுதப்பட்டுவிடும், டெலீட் போட்டிருக்கவே தேவையில்லை, அழிந்ததாக எந்த வரியும் வராது. ஆனால் ஒத்திகையில் தடயம் உண்டு: புதிதாக + + + என்று வர வேண்டிய படம் ">எஃப்.எஸ்டி......" என்று வரும், அதாவது அங்கே அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அளவு வேறு. அலுவலக ஆவணங்களில் இது தினசரி நடப்பது. படக் களஞ்சியத்தில் எடுத்த படத்தின் அளவு தானாக மாற வழியே இல்லை, யாராவது வெட்டித் திருத்தியிருந்தால் ஒழிய. ஆகவே படங்களின் ஒத்திகையில் எஸ் எழுத்து வரும் ஒவ்வொரு வரியையும் டெலீட் வரிக்குச் சமமாக வைத்துப் படியுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர் வைப்பது நிரந்தரத் தீர்வு. அதுவரை --இக்னோர்-எக்ஸிஸ்டிங் போட்டால் இருப்பதைத் தொடாது.

பட்டியல் ஆயிரக்கணக்கில் வருவதற்கு நேர் எதிராகச் சிலருக்கு ஒன்றுமே வராது, அது பெரும்பாலும் இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் சிக்கல். விதிகளை வரிசையாகப் பார்த்து முதலில் பொருந்துவதோடு ஆர்சிங்க் நின்றுவிடும். படங்கள் மட்டும் போதும் என்று '*.ஜேபிஜி' இன்க்ளூட், '*' எக்ஸ்க்ளூட் என்று போட்டால் உள் ஃபோல்டர்கள் எல்லாம் அந்த நட்சத்திரத்தில் அடிபட்டுப்போகும், உள்ளே இறங்கவே இறங்காது, முன்னால் '*/' என்று இன்னொரு இன்க்ளூட் வேண்டும். பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறு வேறு, பல கேமராக்கள் பெரிய எழுத்தில் எழுதும். ஒரு கோப்பு ஏன் வரவில்லை என்று தெரியாவிட்டால் ஒத்திகையில் -விவி போடுங்கள், எந்த விதி அதை மறைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டும்.

இனி நம்பகத்துக்கு வருகிறேன். இதில் உறுதியான பகுதி: -ஐ காட்டும் பட்டியல் ஒத்திகையிலும் நிஜ ஓட்டத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், வேறாக இருந்தால் அது நிரலின் பிழை என்று ஆர்சிங்க்கின் கையேடே எழுதி வைத்திருக்கிறது, வேண்டுமென்றே செய்யும் குறும்பும் இயங்குதளம் கைவிடும் நேரமும் மட்டும் விலக்கு. ஒத்திகை என்பது தனி நிரல் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம், அதே நிரல் அதே முடிவுகளை எடுத்துவிட்டுக் கடைசியில் எழுதாமல் நிற்கிறது. சந்தேகத்துக்கு உரிய பகுதி எல்லாம் எழுதும்போதும் படிக்கும்போதும் நடப்பவை. சேருமிடத்தில் இடம் போதுமா என்று ஒத்திகை பார்க்காது. அங்கே எழுத உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று எழுதிப் பார்க்காது. ஃபேட் 32 டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது, உங்கள் நீளமான வீடியோ ஒன்று அந்த அளவைத் தாண்டினால் ஒத்திகையில் சாதுவாக வந்துவிட்டு நிஜத்தில் மறுக்கும். -சி இல்லாத ஒத்திகை கோப்பைத் திறப்பதே இல்லை என்பதால் மடிக்கணினியின் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருந்தாலும் அப்போது தெரியாது. அப்புறம் ஒத்திகைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் யாராவது ஒரு படத்தை நகர்த்தினால் பட்டியல் பழசு. நேற்று இரவு எடுத்த ஒத்திகையை இன்று மாலை நம்பாதீர்கள்.

சர்வருக்கு அனுப்பும்போது --ஸ்டாட்ஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். அதில் அனுப்பிய பைட்டு, பெற்ற பைட்டு, ஸ்பீட்அப் என்று வருவதை எல்லாம் மதிக்க வேண்டாம், ஒத்திகையில் தரவு போகாததால் பைட்டுகள் மிகச் சிறியதாகவும் ஸ்பீட்அப் மிகப் பெரியதாகவும்தான் வரும். பார்க்க வேண்டியது மாற்றப்படும் கோப்புகளின் மொத்த அளவு என்ற வரி. டோட்டல் டிரான்ஸ்ஃபர்ட் ஃபைல் சைஸ் என்று இருக்கும், அதன் பக்கத்திலேயே வெறும் டோட்டல் ஃபைல் சைஸ் என்று இன்னொரு வரியும் இருக்கும், அது மொத்தக் களஞ்சியத்தின் அளவு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 40 ஜிபி என்று காட்டி, உங்கள் வீட்டு இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட 9 மணி நேரம், அதுவும் முழு வேகம் கிடைத்தால். மாறிய கோப்புகளில் மாறிய துண்டை மட்டும் அனுப்பும் திறமை ஆர்சிங்க்குக்கு இருக்கிறது, ஆனால் புதிய படத்துக்கும் வீடியோவுக்கும் அதனால் லாபமில்லை, அதனால் இந்தக் கணக்கு உங்களுக்கு ஓரளவு சரியாகவே வரும். புயல் காலத்தில் இந்த ஒரு எண்ணுக்காகவே நான் ஒத்திகை பார்ப்பேன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு எச்சரிக்கை வந்தபின் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போவதற்குள் எது போய்ச் சேரும், எது சேராது என்று தெரிந்தால் பதிவுகளை முதலில் அனுப்பி வீடியோவைக் கையோடு எடுத்துப் போகலாம். --பார்ஷியல் போட்டு வையுங்கள், நடுவில் அறுந்தால் பாதி வந்த கோப்பு வீணாகாது.

உங்கள் டிஸ்க்குக்கு நான் சொல்லும் வரிசை இப்படி: மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று டிஎஃப் போட்டுப் பாருங்கள், காலி இடமும் அங்கேயே தெரியும். டெலீட் இல்லாமல் -ஆர்டிசிஎன்ஐ அல்லது -ஏசிஎன்ஐ, டிஸ்க்கின் வடிவத்தைப் பொறுத்து. அந்தப் பட்டியலில் + வரிகள் நீங்கள் எதிர்பார்க்கும் நூறுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, எஸ் எழுத்து எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் எடுத்து ஓட்டுங்கள். அப்புறம் -சி எடுத்துவிட்டு, டெலீட் சேர்த்து, மறுபடி ஒத்திகை. இப்போது வரும் பட்டியலில் அழிப்பு வரிகளைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இருக்கக்கூடாது, ஃபோல்டர்களின் தேதி மாறும் ஒன்றிரண்டு ".டி..டி......" வரிகள் வந்தால் அது சகஜம். அதையும் ஓட்டி முடித்தபின் இன்னொரு ஒத்திகை பாருங்கள், காலியாக வர வேண்டும். காலியாக வராவிட்டால் மிச்சம் நிற்கும் வரிகளின் கோர்வையை மட்டும் இங்கே எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம், அந்தப் பதினோரு எழுத்து போதும்.

விண்டோஸ் வைத்திருக்கும் உங்கள் நண்பரைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். விண்டோஸின் சொந்த நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் /எல் போட்டால் இதே மாதிரி பட்டியல் மட்டும் காட்டும், அதில் /எம்ஐஆர் என்பது நம் டெலீட்டுக்குச் சமம், அதனால் அதோடு எப்போதும் முதலில் /எல் சேர்த்தே ஓட்டச் சொல்லுங்கள். கூகிள் டிரைவ் போன்ற இடத்துக்கு ஆர்க்ளோன் என்ற இதே மாதிரி நிரலைப் பயன்படுத்தினால் அங்கேயும் --ட்ரை-ரன் உண்டு, ஆனால் ஆர்க்ளோன் சிங்க் என்றாலே சேருமிடத்தில் மிச்சமாக இருப்பதை அழிக்கும், தனியாக டெலீட் கேட்காது. அழிக்க வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டியது ஆர்க்ளோன் காப்பி.